மதினியின் கடலைமிட்டாய்க்கு அரை நிமிட வீடியோ: ஏஐயை எங்கே சேர்க்கலாம், எங்கே சேர்க்கக் கூடாது

எங்கள் மதினி வீட்டிலேயே கடலைமிட்டாய் போட்டு விற்கிறார்கள். கோவில்பட்டியில் அது அதிசயமான தொழில் இல்லை. 2020-இல் எங்கள் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெரிதாக இருந்தாலும், வீட்டில் போட்டு விற்கிற ஒருவருடைய மிட்டாய் வெளியூருக்குத் தெரிய வேண்டுமென்றால் வீடியோ வேண்டியிருக்கிறது. நான் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போவதைக் கணினியில் அடித்து வடிவமைக்கிற வேலை பார்க்கிறேன். பத்திரிகை, நோட்டீஸ், மிட்டாய் பாக்கெட் லேபிள் என்று நாள் முழுக்கத் தமிழ் எழுத்தோடுதான் இருப்பேன். அதனால் வீடியோ வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது.

முதல் வீடியோவை முழுக்க முழுக்க ஏஐயிடமே கொடுத்தோம். ஒரு செயலியில் ‘கோவில்பட்டி கடலைமிட்டாய்’ என்று எழுதிக் கேட்டதும் எட்டு விநாடிப் படம் வந்தது. பார்க்கப் பளபளவென்று இருந்தது. முழுக் கடலை, மேலே கண்ணாடி மாதிரி சிவந்த பாகு, பின்னால் ஏதோ ஒரு பெரிய ஊர்க் கடையின் விளக்கு. அவசரத்தில் அப்படியே போட்டுவிட்டோம். அதைப் பார்த்து கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா இரண்டு கிலோ வாங்கினார். பார்சல் போய்ச் சேர்ந்த அன்று போன் வந்தது. “படத்துல பார்த்தது வேற, வந்தது வேறயா இருக்கே?” என்றார். அவர் கேட்டது நியாயம். எங்கள் மிட்டாயில் கடலை இரண்டாக உடைந்திருக்கும், மேலே கலர் தேங்காய்ப்பூ தூவியிருக்கும். படத்தில் இருந்தது வேறு பண்டம். மதினி பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு அன்றிரவே வீடியோவை எடுக்கச் சொன்னார்கள்.

அன்றைக்குப் போட்ட விதி இது. விற்கிற பொருளையும் அதைச் செய்கிற கையையும் கேமராதான் காட்ட வேண்டும். எழுதுவது, சத்தத்தைச் சுத்தம் செய்வது, வசனத்தை எழுத்தாக்குவது, ஓரமாக ஒரு சித்திரம் வரைவது, இதற்கெல்லாம் ஏஐ வரலாம். இந்தக் கோட்டைத் தாண்டாமல் இப்போது எங்களால் ஒரே நாளில் ஒரு வீடியோ முடிக்க முடிகிறது. அந்த வழியை அப்படியே சொல்கிறேன். உங்களுடையது ஊறுகாயோ, புடவையோ, தையல் கடையோ, எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

போனைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். யார் பார்த்து என்ன செய்ய வேண்டும்? எங்கள் தாளில் இருந்தது: ‘வெளியூரில் இருக்கிற நம்ம ஊர்க்காரர் பொங்கலுக்கு ஒரு கிலோ வாட்ஸப்பில் சொல்ல வேண்டும்.’ விலைப்பட்டியல், எள்ளுமிட்டாய், கல்யாண ஆர்டர் எல்லாம் அடுத்தடுத்த வீடியோவுக்கு. இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் மூன்று நிமிடம் வரை போட இடம் இருக்கிறது. ஆனால் சேதி ஒன்று என்றால் அரை நிமிடமே தாராளம்.

அப்புறம் படம் பிடிப்பது. காலை ஏழு மணிக்குச் சன்னல் வெளிச்சம் சமையல்கட்டில் சாய்வாக விழும், அப்போது போங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் வெல்லத்தின் நிறம் கெட்டுவிடும். போனை நிமிர்த்திப் பிடியுங்கள். லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். பாகு கொதிக்கும்போது ஆவி படியும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் துடைக்க வேண்டும். திரையில் பொருளின் மேல் விரலை அழுத்தி வைத்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் ஆவி எழும்புகிற நேரமெல்லாம் படம் வெளுத்து வெளுத்துக் கறுக்கும்.

ஒவ்வொரு ஷாட்டும் ஐந்தாறு விநாடி, மொத்தம் பத்து ஷாட் போதும். எங்களுக்குக் கிடைத்ததில் உயிரான ஷாட் பதம் பார்ப்பதுதான். மதினி கொதிக்கிற பாகில் கரண்டியை விட்டு ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார்கள். அது குளிர்ந்து உருளும். இரண்டு விரலால் எடுத்து எவர்சில்வர் தட்டில் போடுவார்கள். பதம் வரவில்லை என்றால் ‘தொப்’பென்று ஒட்டிக்கொள்ளும். வந்துவிட்டால் கல் விழுந்த மாதிரி ‘டங்’கென்று கேட்கும். அந்த ‘டங்’குக்காக மின்விசிறியை நிறுத்தினோம், குக்கரை இறக்கினோம், பக்கத்து அறையில் டிவியை அணைத்தோம். போனைத் தட்டுக்கு ஒரு அடி தூரத்தில், மேலே இருந்து இல்லாமல் பக்கவாட்டில் பிடித்தேன். முதல் தடவை சத்தம் விழும்போது என் வளையல் இடித்துவிட்டது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. பதம் ஒரு பானைக்கு ஓரிரு நிமிடம்தான் நிற்கும், நம் படத்துக்காக மதினி காத்திருக்க மாட்டார்கள். அதனால் கேமரா முன்னாடியே தயாராக இருக்க வேண்டும். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு சத்தமோ ஒரு கணமோ கட்டாயம் இருக்கும். கத்தரி துணியில் ஓடுகிற சத்தம், தோசைக்கல்லில் மாவு விழுகிற சத்தம். வீடியோவின் முதல் மூன்று விநாடி அதற்குத்தான்.

இனிமேல்தான் ஏஐ வருகிறது. வசனத்துக்குச் சாட்ஜிபிடியோ ஜெமினியோ எது கையில் இருக்கிறதோ அது போதும், இரண்டும் தமிழில் எழுதும். ஆனால் ‘கடலைமிட்டாய் விளம்பரத்துக்கு வசனம் எழுது’ என்று மட்டும் கேட்டால் என்ன வரும் தெரியுமா? எனக்கு வந்தது: ‘உங்கள் சுவை மொட்டுகளை மகிழ்விக்கும் நூறாண்டுப் பாரம்பரியம்! சர்க்கரை நோயாளிகளுக்கும் உகந்தது!’ சுவை மொட்டு என்று எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. நூறாண்டு பொய், மதினி தொடங்கி ஆறு வருஷம்தான் ஆகிறது. மூன்றாவது வாக்கியம் ஆபத்து. வெல்லமும் சர்க்கரைதான், அதை நம்பி ஒருவர் சாப்பிட்டால் என்ன ஆவது? உணவுப் பொருளுக்கு நோயைச் சொல்லி விளம்பரம் செய்வது சட்டப்படியும் தப்பு. ஏஐக்குத் தெரியாததை நாம் சொல்லாவிட்டால் அது தானாக இட்டுக்கட்டி நிரப்பிக்கொள்ளும். அதனால் தகவலை நாம் கொடுக்க வேண்டும், வேலியையும் நாமே போட வேண்டும். நான் இப்போது கேட்கிற விதம்:

‘நான் கோவில்பட்டியில் வீட்டில் செய்த கடலைமிட்டாய் விற்கிறேன். 28 விநாடி வீடியோவுக்கு வசனம் வேண்டும், 50 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. பேசுகிறவர் 45 வயது அம்மா, பக்கத்து வீட்டாரிடம் சொல்வது போலப் பேசுவார். என்னிடம் உள்ள ஷாட்டுகள்: பாகுச் சொட்டு தட்டில் விழுவது, கடலை வறுப்பது, முறத்தில் புடைப்பது, பாகில் கிண்டுவது, கட்டையால் தேய்ப்பது, கத்தியால் வெட்டுவது, தேங்காய்ப்பூ தூவுவது, பாக்கெட். உண்மையான தகவல்கள்: கரிசல் நிலத்துக் கடலை, வெல்லம், ஆறு வருடமாகச் செய்கிறோம், சொன்ன மறுநாள் பார்சல் அனுப்புவோம். இதற்கு வெளியே எந்தத் தகவலும் சேர்க்காதே. உடல்நலம், நோய், பாரம்பரியம் பற்றிப் பேசாதே. மூன்று விதமாக எழுதிக் கொடு.’

மூன்று விதமாகக் கேட்பது முக்கியம். ஒன்றில் தொடக்கம் நன்றாக இருக்கும், இன்னொன்றில் முடிவு. இரண்டையும் சேர்த்து, மதினி வாயில் வருகிற மாதிரி நான் திருத்தினேன். கடைசியில் நின்றது இது:

(பாகு தட்டில் விழும் சத்தம்) “இந்தச் சத்தம் வந்தாத்தான் பாகு பதம்.”
(கடலை வறுப்பது, புடைப்பது) “நம்ம கரிசக்காட்டுக் கடலை. வறுத்து, முறத்துல புடைச்சு, ரெண்டா உடைச்சது.”
(கிண்டுவது, தேய்ப்பது, வெட்டுவது) “வெல்லப் பாகுல கிண்டி, சூடு ஆறுறதுக்குள்ள தேய்ச்சு வெட்டிறணும்.”
(தேங்காய்ப்பூ) “மேல கலர் தேங்காப்பூ. எங்க ஊரு மிட்டாய்க்கு அதுதான் அடையாளம்.”
(பாக்கெட்) “பொங்கலுக்கு ஒரு கிலோ வேணுமா? வாட்ஸப்ல சொல்லுங்க, மறுநாளே பார்சல் போட்ருவோம்.”

கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். என் கணக்கில் நிதானமான பேச்சுக்கு விநாடிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. மூச்சு முட்டுகிற இடத்தில் சொல்லைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

குரலை மதினியையே கொடுக்கச் சொன்னோம். “என் குரல் கரகரன்னு இருக்குமேம்மா” என்று முதலில் தயங்கினார்கள். மெத்தை, தலையணை, திறந்த பீரோவில் புடவை அடுக்கு இருக்கிற அறையில் உட்கார வைத்தேன். துணி நிறைந்த அறையில் எதிரொலி வராது. போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். அப்படியும் தெருவில் போகிற ஆட்டோ சத்தம் விழுந்தது. அதைச் சுத்தம் செய்ய ஏஐ கருவி நன்றாகவே உதவும். அடோபி பாட்காஸ்ட் தளத்தில் அந்த வசதி இருக்கிறது, யூடியூப் கிரியேட் செயலியிலும் இரைச்சல் குறைக்க வழி உண்டு. ஒரு எச்சரிக்கை: அளவைக் கூட்டக் கூட்டக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும், ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகிவிடும். அளவு மாற்ற இடமிருந்தால் பாதியில் நிறுத்துங்கள். பின்னணியில் கொஞ்சம் இரைச்சல் இருந்தால் குற்றமில்லை.

பேசவே முடியாது, யாரும் இல்லை என்றால் இயந்திரக் குரல் இருக்கிறது. லெவன்லாப்ஸ், சர்வம் இரண்டிலும் தமிழ் உண்டு. அதற்கு எழுதிக் கொடுக்கும்போது எண்ணையும் சுருக்கத்தையும் விரித்து எழுதுங்கள். ‘250 கி’ என்று எழுதாமல் ‘இருநூற்றைம்பது கிராம்’ என்று எழுதுங்கள். ‘ரூ.’ வேண்டாம், ‘ரூபாய்’. நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான் என்பதால் வேற்றுமொழிச் சொற்களில் இயந்திரம் தடுமாறும், பார்சலை வேறு மாதிரி உச்சரிக்கும். தடுமாறுகிற சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போடுவதுதான் சுலபம். விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதி உண்டா என்பதையும் பாருங்கள், லெவன்லாப்ஸின் இலவசத் திட்டத்தில் வியாபாரப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடையாது. இன்னொருவர் குரலை, அதுவும் நடிகர் குரலை, நகலெடுத்துப் போடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது அவர்களுடைய சொத்து.

வெட்டி ஒட்ட இன்ஷாட், விஎன், இன்ஸ்டாகிராமின் எடிட்ஸ், யூடியூப் கிரியேட், எது பழக்கமோ அது. செயலியை விட வரிசை முக்கியம். முதலில் குரலைக் கீழே விரியுங்கள், அதற்கு மேல் படங்களை அடுக்குங்கள். படத்தை முதலில் அடுக்கிவிட்டுக் குரலைத் திணித்தால் கடைசியில் எல்லாம் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு துண்டு இரண்டு மூன்று விநாடி. சமையல்கட்டுச் சத்தத்தை முழுதாக அணைக்காமல் குரலுக்கு அடியில் கால்வாசி அளவில் விட்டு வையுங்கள். வெட்டும்போது ‘கரக்’கென்று வருகிற சத்தம் தனியாகக் கேட்க வேண்டும், அங்கே குரல் இருக்கக் கூடாது.

இப்போது என் தொழில் சார்ந்த இடம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வீடியோ பார்க்கிறார்கள், அதனால் வசனம் எழுத்தாகவும் வர வேண்டும். பேச்சைக் கேட்டுத் தானாக எழுதுகிற வசதி இருக்கிற செயலியில் ஓட விட்டேன். ‘பாகு’ என்பதைப் ‘பாக்கு’ என்று எழுதியிருந்தது. ‘முறத்துல புடைச்சு’ என்பது ‘மரத்துல புடைச்சு’ ஆகியிருந்தது. வெல்லப் பாக்கில் கிண்டிய மிட்டாயை யார் வாங்குவார்கள்? ஒவ்வொரு சொல்லையும் காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் சரிபாருங்கள். பேச்சு வழக்கில் கொச்சை அதிகமாக இருந்தால், எழுதியிருக்கிற வசனத்தையே ஒட்டிவிடுவது சீக்கிரம் முடியும்.

அச்சகத்துக்காரர்கள் பழக்கத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டிப் பார்ப்பார்கள். செயலியில் அது ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். எல்லாப் போனும் படிக்கிற பொது எழுத்து முறையான யூனிகோடில் அடியுங்கள். எழுத்துரு கெட்டியாக இருக்கட்டும், முக்தா மலர், பாலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் இலவசம், சின்னத் திரையிலும் படிக்க முடியும். சில செயலிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாக நிற்கும், ‘கொ’ என்பது மூன்று துண்டாகத் தெரியும். அப்போது மல்லுக்கட்ட வேண்டாம். கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் அந்த வரியை மட்டும் எழுதி, பின்னணி இல்லாத படமாக எடுத்து வீடியோ மேல் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு மூன்று நான்கு சொல். ‘கடலை’ ஒரு வரியிலும் ‘மிட்டாய்’ அடுத்த வரியிலும் போகக் கூடாது. திரையின் அடிப்பகுதியில் கணக்கின் பெயரும் வலது ஓரத்தில் பொத்தான்களும் மறைக்கும், அதனால் எழுத்தை நடுவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

ஏஐ வரைந்த படத்தை ஒரே இடத்தில்தான் சேர்த்தோம்: கடைசி அட்டையின் பின்னணி. பொங்கல் பானை, கரும்பு, கோலம், எல்லாம் வண்ணம் தீட்டிய சித்திரம் போல வேண்டும், எழுத்து எதுவும் வேண்டாம் என்று கேட்டேன். எழுத்து வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தமிழ் மாதிரி ஏதோ ஒன்றைக் கிறுக்கி வைக்கும். முதல் படத்தில் கரும்பு மூங்கில் மாதிரி இருந்தது, பானையில் மஞ்சள் கொத்தைக் காணோம். ‘பானைக் கழுத்தில் இலையோடு மஞ்சள் கொத்து, கரும்பு கருஞ்சிவப்பில் கணுக்கணுவாக, உச்சியில் நீண்ட தோகை’ என்று விவரித்துக் கேட்ட பிறகு சரியாக வந்தது. பண்டிகைப் படத்தை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள், நம் கண்ணுக்குத் தப்புவது அவர்களுக்குத் தப்பாது.

பாக்கெட் படத்தில் ஒன்று கவனித்தேன். மங்கலாக இருக்கிறதே என்று ஏஐ கொண்டு தெளிவாக்கினேன். எழுத்தெல்லாம் கூர்மையாக வந்தது. ஆனால் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணில் ஒரு 8 இப்போது 3 ஆகியிருந்தது. அந்த லேபிளை அடித்தது நான், அதனால் கண்ணில் பட்டது. வேறு யாராவது செய்திருந்தால் தப்பான எண்ணோடு வெளியே போயிருக்கும். லேபிள், விலை, எண் இருக்கிற படத்தை ஏஐ கொண்டு தெளிவாக்காதீர்கள். வெளிச்சத்தில் வைத்து இன்னொரு தடவை எடுங்கள். பின்னணியை நீக்குவது மட்டும் பரவாயில்லை.

பாட்டு விஷயத்தில் சுருக்கமாக: சினிமாப் பாட்டு வேண்டாம், வியாபாரக் கணக்கு என்றால் உரிமைச் சிக்கல் வரும். மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனிலும் யூடியூப் ஆடியோ லைப்ரரியிலும் இலவச இசை இருக்கிறது. ஏஐ இசை செய்து தருகிற சுனோ செயலியின் இலவசத் திட்டத்தில் செய்ததை விளம்பரத்துக்குப் போட அனுமதியில்லை. எங்கள் வீடியோவில் இசையே இல்லை. பாகு, கத்தி, மதினி குரல், அவ்வளவுதான்.

ஏற்றும்போது யூடியூப், உண்மை போலத் தெரியும்படி மாற்றிய அல்லது செயற்கையாக உருவாக்கிய காட்சி இருக்கிறதா என்று கேட்கும். 2024-இலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. வசனம் எழுத ஏஐயைக் கேட்டதையும் எழுத்து ஒட்டியதையும் சொல்லத் தேவையில்லை. நிஜம் போலத் தோன்றும் காட்சி இருந்தால் ‘ஆம்’ என்று சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமிலும் ஏஐ அடையாளம் இட இடம் உண்டு. முகப்புப் படமாகப் பாகுச் சொட்டு விரலில் இருக்கிற ஷாட்டை வைத்தோம். விவரக் குறிப்பின் முதல் வரியில் என்ன, எங்கே, எப்படி வாங்குவது மூன்றும் வந்துவிட வேண்டும். வாட்ஸப் இணைப்பைக் கணக்கின் சுயவிவரத்தில் வையுங்கள். வீடியோவுக்குள் எண்ணைப் பதித்தால் நாளைக்கு எண் மாறும்போது எல்லா வீடியோவும் வீண்.

போட்டதும் கையை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் வருகிற கேள்விகளுக்கு அன்றைக்கே பதில் சொல்ல ஒருவர் வேண்டும். எங்களுக்கு முதல் வாரத்தில் பதினோரு ஆர்டர் வந்தது, அதில் நான்கு பேர் “அந்தச் சத்தம் கேட்ட வீடியோ” என்று சொல்லித்தான் கேட்டார்கள். கோயம்புத்தூர் அம்மாவுக்கும் புது வீடியோவை அனுப்பினோம், அவர் ஒரு கிலோ வாங்கினார்.

எழுத்து ஒட்டாத பிரதி ஒன்றையும் மூல ஷாட்டுகளையும் தேதி போட்டு ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள். அதே பத்து ஷாட்டிலிருந்து கல்யாண ஆர்டருக்கு ஒன்று, பள்ளிக்கூடத் தின்பண்டம் என்று ஒன்று, இன்னும் இரண்டு வீடியோ எடுத்துவிட்டோம். அடுத்தது எள்ளுமிட்டாய். அதற்குப் பாகுப் பதம் கொஞ்சம் வேறு, தட்டில் விழுகிற சத்தமும் வேறு என்கிறார்கள் மதினி. பழைய ‘டங்’கை ஒட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.